ஸ்கூல் பிள்ளைங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேக்குறாங்க, எப்படி நடத்துறது? (பூம்பாறை, மலைப்பூண்டு)

பூம்பாறை_மேட்டுக்காடு:

வணக்கம் மக்களே. எங்களுக்குப் பூம்பாறையில படிப்படியா இறங்குற கொஞ்சம் நிலம் இருக்கு, முக்கியமா பூண்டுதான், நடுவுல உருளை, கேரட், பீன்ஸ் மாத்தி மாத்திப் போடுவோம். போன சீசன்ல பூண்டு பிடுங்கித் தாளோட கட்டு கட்டிக் காயப்போட்டுக்கிட்டு இருந்தப்ப கொடைக்கானல் சுத்திப் பாக்க வந்த ஒரு டீச்சர் வண்டிய நிறுத்திட்டு ரொம்ப நேரம் கேள்வி கேட்டாங்க, எப்ப நட்டது, ஏன் தாள வெட்டாம காயப்போடுறீங்க, இது எங்க போகுது, யாரு வெல வைக்கிறதுன்னு. இப்ப அவங்க ஸ்கூல்ல இருந்து (திண்டுக்கல் பக்கம்) ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைங்களக் கூட்டிட்டு வரலாமான்னு போன் பண்ணிக் கேக்குறாங்க. சாப்பாடு எங்க இருந்து வருதுன்னு பிள்ளைங்க கண்ணால பாக்கணுமாம்.

எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. லீவுக்குக் கீழ இருந்து வர்ற எங்க சொந்தக்காரப் பிள்ளைங்க சாம்பார்ல கெடக்குற பூண்டத் தட்டு ஓரமா ஒதுக்கி வைக்கும்போது எங்கம்மா மூஞ்சியே மாறிடும், ஏன்னா அந்தப் பூண்டு ஒவ்வொண்ணையும் பல்லுப் பல்லாப் பிரிச்சுக் குனிஞ்சு நட்டது அவங்கதான். ஆனா அப்பா யோசிக்கிறாரு. பாத்திய மிதிச்சுருவாங்க, ஆளுக்குக் கூலி குடுத்து வேலை நடக்குற நாள்ல பிள்ளைங்களப் பாத்துக்கிட்டு நிக்க முடியுமா, மருந்து அடிச்ச காட்டுக்குள்ள யாராவது கைய வச்சு வாயில வச்சா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாரு, அதுவும் நியாயம்தான். ஸ்கூல்ல வேற குதிரை சவாரி, கேம்ஸ் எல்லாம் சேத்து வைக்க முடியுமான்னு கேக்குறாங்க. எங்க ஊர்ல குதிரை மூட்டை சொமக்கத்தான் இருக்கு, சவாரிக்கு இல்ல.

எந்த மாசம் கூப்பிடலாம், எத்தனை பேரு வரலாம், அவங்க கையில என்ன வேலை குடுக்கலாம், காசு வாங்குறது சரியா, இதெல்லாம் ஏற்கனவே செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. நீலகிரிப் பக்கம் உள்ளவங்களும் சொல்லுங்க, நம்ம ரெண்டு மலைக்கும் பெருசா வித்தியாசம் இல்ல.

கேத்தி_கேரட்:

தம்பி, கண்டிப்பா செய்யுங்க. ஆனா வேலை நடக்குற நாளாப் பாத்துக் கூப்பிடுங்க, வேலைய நிறுத்திட்டுக் கூப்பிடாதீங்க. பிள்ளைங்களுக்காகத் தனியா ஒரு சின்னப் பாத்தி போட்டு அழகா போர்டு வச்சுக் காட்டுனா அது தோட்டமே இல்ல, எக்சிபிஷன். ஆளுங்க குனிஞ்சு எழுந்திரிக்கிறது, மேஸ்திரி சத்தம் போடுறது, லாரிக்காரரு அவசரப்படுத்துறது இதையெல்லாம் பிள்ளைங்க பாக்கணும், சாப்பாடு வர்ற வழி அதுதான்.

நாங்க கேத்திப் பள்ளத்தாக்குல கேரட் போடுறோம், பக்கத்து ஸ்கூல்ல இருந்து அப்பப்ப பிள்ளைங்க வருவாங்க. கேரட் பிடுங்குறது பல இடத்துல விடியுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுரும், ஆளுங்க தலையில டார்ச்சக் கட்டிக்கிட்டு அந்தக் குளிருல பிடுங்குவாங்க, ஏன்னா கழுவி மூட்டை புடிச்சு லாரி ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்குப் போகணும். அந்த நேரத்துக்குப் பிள்ளைங்களக் கொண்டுவர முடியாது, அதனால கடைசி ரெண்டு பாத்திய மட்டும் விட்டு வைப்போம், காலையில வெயில் வந்தப்புறம் அவங்களே பிடுங்குவாங்க. தாளோட அடியில புடிச்சு லேசா ஒரு திருப்புத் திருப்பி இழுக்கணும், மேல புடிச்சு இழுத்தா தாள் மட்டும் கையில வந்துரும், கேரட் மண்ணுலயே நின்னுரும். அத அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு நாங்க சொல்றதில்ல.

இதுல ரொம்ப முக்கியமா நான் நினைக்கிறது கவட்டைக் கேரட். அடியில கல்லு தட்டுப்பட்டாலோ, மக்காத எருவப் போட்டாலோ, நூற்புழு இருந்தாலோ ஒரே கேரட் ரெண்டா மூணாப் பிரிஞ்சு கால் மாதிரி வளரும். பிள்ளைங்க கையில மொதல்ல அதத்தான் தூக்கிக் காட்டிச் சிரிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. அப்புறம் கழுவுற மிஷினுக்குக் கூட்டிட்டுப் போயி தரம் பிரிக்கிற இடத்துல நிறுத்துவோம், அங்க அந்தக் கவட்டைக் கேரட் எல்லாத்தையும் தனியா எடுத்து ஓரமாப் போடுறதப் பாப்பாங்க. ருசி ஒண்ணுதானே ஏன் எறியுறீங்கன்னு யாராவது ஒரு பிள்ளை கேக்கும். கடையில நீங்க நேரா பளபளன்னு இருக்குறதப் பாத்துத்தான எடுக்குறீங்க, அதான் மண்டியில இதுக்கு வெல இல்லன்னு சொல்வோம். அங்கேயே கழுவிக் கடிக்கக் குடுப்போம். வீட்டுல போயி கேரட்டப் பாக்குற பார்வையே மாறிடுதுன்னு அம்மாமாருங்க சொல்றாங்க.

அப்புறம் கணக்கு. ஒரு சார்ட் பேப்பரை ஒட்டி விதை, எரு, உரம், மருந்து, களை எடுக்க ஆள், பிடுங்க ஆள், கழுவுற கூலி, சாக்கு, லாரி வாடகை, மண்டி கமிஷன் எல்லாத்தையும் ஒண்ணொண்ணாச் சொல்லி அவங்களையே எழுதிக் கூட்டச் சொல்லுங்க. அன்னைக்கு மண்டி வெலைய அவங்க முன்னாடியே ஸ்பீக்கர்ல போட்டுக் கேளுங்க. மிச்சம் எவ்வளவு நிக்குதுன்னு அவங்களே கழிச்சுப் பாக்கும்போது அந்த வயசுப் பிள்ளைங்களுக்கு நல்லாப் புரியுது, நமக்கு நஷ்டம் வந்த வருஷத்தையும் மறைக்காமச் சொல்லுங்க.

எத்தனை பேருன்னு கேட்டீங்க. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவங்க, அதுக்கு மேல வேண்டாம். மொத்தமா ஒரு கிளாஸ், ரெண்டு கிளாஸ் சேத்துக் கொண்டு வந்தா படிக்கட்டு நிலத்துல கட்டுப்படுத்த முடியாது. குதிரை, கேம்ஸ் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், பிள்ளைங்க அத மட்டும்தான் ஞாபகம் வச்சுக்கும். ஆனா குதிரை மூட்டை சொமந்து மேல ஏறுறத நின்னு பாக்கட்டும், ஒரு மூட்டை எத்தனை கிலோன்னு தூக்கிப் பாக்கட்டும்.

இன்னொண்ணு, ஷூ. உருளை போடுற நிலம்னா ஒரு தோட்டத்து மண்ணு இன்னொரு தோட்டத்துக்குப் போகக் கூடாது. தங்க நூற்புழுன்னு உருளை வேரத் தாக்குற ரொம்பச் சின்னப் புழுவ நீலகிரியில 1961ல கண்டுபிடிச்சாங்க, அதோட முட்டைக்கூடு மண்ணுல வருஷக்கணக்கா உசுரோட கெடக்கும், செருப்புல ஒட்டியே பரவும். உங்க மலையிலயும் இருக்கு. வரும்போதும் போகும்போதும் பிரஷ் வச்சு ஷூவக் கழுவ வைங்க, ஏன் கழுவுறோம்னு சொன்னா அதுவே ஒரு பாடம்.

டீச்சரம்மா_நத்தம்:

நான் அரசுப் பள்ளியில வேலை பாக்குறேன், ஸ்கூல் பக்கத்துல இருந்து சொல்றேன்.

ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. பூண்டுக்கு ரெண்டு தடவை வரச் சொல்லுங்க, நடவுக்கு ஒரு தடவை, எடுப்புக்கு ஒரு தடவை. ஜூன் ஜூலையில நடுறீங்கன்னா ஸ்கூல் தொறந்த கையோட வரலாம், அக்டோபர் நவம்பர்ல பிடுங்கும்போது அதே பிள்ளைங்க வரட்டும். தான் நட்ட பாத்திய தேடிப் போவாங்க பாருங்க, அதுக்கு ஈடா நான் வகுப்புல எதையும் சொல்லிக் குடுத்துற முடியாது. அவங்க பேரு எழுதுன குச்சி ஒண்ணு பாத்தி ஓரத்துல நட்டு வைங்க.

நடவு வேலை பிள்ளைங்க கைக்குத் தகுந்த வேலைதான். பல்லுப் பிரிக்கிறது, நல்ல பெரிய பல்லா எடுக்குறது, நுனி மேல பாக்க ஊன்றது. ஒரு ஏக்கருக்கு 200 கிலோவுக்கு மேல பல்லு வேணும்னு சொன்னா வாயப் பொளப்பாங்க, ஏன்னா பூண்டுக்குக் கடையில வாங்குற மாதிரி விதை பாக்கெட் கெடையாது, போன அறுவடையில இருந்து எடுத்து வச்சதத்தான் திரும்ப நடணும். அப்ப விளைஞ்சதுல ஒரு பங்கு சாப்பிடாம வித்துராம வச்சிருக்கணும்னு அவங்களுக்கே தோணும். உங்க வீட்டுல அடுப்புக்கு மேல பரண்ல புகை படுற மாதிரி விதைப்பூண்டு தொங்கவிட்டிருந்தா அதையும் காட்டுங்க, இது கொடைக்கானல் மலைப்பூண்டு, 2019ல புவிசார் குறியீடு வாங்குனதுன்னு புத்தகத்துல படிக்கிறத விட அந்தப் புகை வாசனைய மோந்து பாத்தா மறக்காது.

ஆளுக்கு நாலு பல்லு கொண்டு போகச் சொல்லுங்க. கீழ சூட்டுல தொட்டியில வச்சா தாள் நல்லா வரும், கிழங்கு சரியா வைக்காது. அது ஏன்னு வகுப்புல நாங்க பாத்துக்குறோம், குளிருக்கும் கிழங்குக்கும் உள்ள சம்பந்தம் அறிவியல் பாடத்துல வந்துரும்.

இதுல ஒரு விஷயம் மனசுல பட்டத சொல்லியே ஆகணும். கீழ இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு நீங்களோ உங்கப்பாவோ விளக்கம் சொல்றத விட பூம்பாறைப் பிள்ளைங்களே சொல்லட்டும். உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் கைவந்த வேலை, ஆனா பரீட்சையில அதுக்கு மார்க் இல்லாததால தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்குறாங்க. டவுன் பிள்ளை ஒண்ணு, உனக்கு எப்படித் தெரியும் இது முத்திருச்சுன்னு கேக்கும்போது தாள் பழுத்து கழுத்து சாஞ்சிருக்கு பாருன்னு நம்ம ஊர்ப் பிள்ளை சொல்லும்ல, அந்த நிமிஷத்துக்காகவே இத நடத்தலாம். ரெண்டு ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்டயும் பேசி சனிக்கிழமையாப் பாத்து வைங்க.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியில பிரியாணி சொல்லாதீங்க தயவுசெஞ்சு. உங்கம்மா வைக்கிற பூண்டுக் குழம்பும் பீன்ஸ் பொரியலும் போதும். எங்க பள்ளியில 2022ல இருந்து வந்த காலை உணவுத் திட்டத்துல சாம்பார் ஊத்துறோம், காய ஒதுக்குற பிள்ளைங்க இருக்காங்க, திட்டுனா மாறாது. தான் தொட்டுப் பிடுங்குன காய் தட்டுல வந்தா ஒரு வாய் வச்சுப் பாப்பாங்க.

தாண்டிக்குடி_காப்பி:

அப்பா கேட்ட மருந்து விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லல, அதான் முக்கியம், அதனால நான் சொல்றேன். நாங்க கீழ்ப்பழனி மலையில காப்பி, மிளகு, வாழை, பட்டர் ஃப்ரூட் வச்சிருக்கோம்.

மருந்து டப்பாவுல வெயிட்டிங் பீரியட் போட்டிருக்கும், மருந்து அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுக்கணும்னு. அந்த நாள் முடியாத எந்தப் பாத்திக்குள்ளயும் ஒரு பிள்ளை கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான், இதுல சமாதானம் பேச எடமில்ல. மழைக்காலத்துல உருளைக்குக் கருகல் நோய் வந்து அடுத்தடுத்து அடிப்பீங்க, அப்ப உருளைக்காட்டுப் பக்கமே விடாதீங்க. மருந்து வைக்கிற ரூம பூட்டிச் சாவிய இடுப்புல வச்சுக்கங்க, காலி டப்பா வரப்புல கெடந்தா முந்துன நாளே பொறுக்கிருங்க, ஸ்ப்ரேயரக் கண்ணுல படாம வைங்க.

ஆனா மருந்தே அடிக்கிறதில்லன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க, அடிக்கிறவங்களா இருந்தா. காலி டப்பா ஒண்ண (நல்லாக் கழுவி, மூடி ஒட்டுனது) நீங்க கையில வச்சுக்கிட்டு அந்த முக்கோணத்தக் காட்டுங்க, சிவப்புன்னா ரொம்பக் கொடிய விஷம், மஞ்சள் அதுக்கு அடுத்தது, அப்புறம் நீலம், பச்சை. ஏன் அடிக்கிறோம், அடிக்காட்டி என்ன ஆகும், யாரு மேல மொதல்ல படுது, அடிக்கிற ஆளு மேலதான்னு சொல்லுங்க. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இது புரியும். சமையல் பண்றதுக்கு முன்னாடி காய நல்லாக் கழுவணும்னு அம்மாகிட்ட போயி அவங்களே சொல்வாங்க.

முடிஞ்சா அவங்க பஸ்ஸு இறங்கிப் போற வழியில எங்க பக்கமும் அனுப்புங்க. நவம்பர் டிசம்பர்னா காப்பிப் பழம் சிவந்திருக்கும். பழத்த ரெண்டு விரல்ல புடிச்சு நசுக்குனா வழுவழுன்னு ரெண்டு கொட்டை வெளிய நழுவும், அந்தச் சதைய நாக்குல வச்சா இனிக்கும், காப்பி கசப்புன்னு நினைச்ச பிள்ளைங்க அப்படியே முழிக்கும். அப்புறம் அந்தக் கொட்டைய ஊறவச்சுக் கழுவி, காயவச்சு, தோலெடுத்து, வறுத்து, அரைச்சாத்தான் நீ கேக்குற வாசனை வரும்னு ஒண்ணொண்ணாக் காட்டலாம்.

விருப்பாச்சி வாழையும் காட்டணும்னு ஆசை. பழனி பஞ்சாமிர்தம் சாப்பிடாத பிள்ளை இந்தப் பக்கம் இருக்காது, அதுல சேர்ற மலை வாழைப்பழம் எந்த மரத்துல தொங்குதுன்னு பாத்த பிள்ளை எத்தன இருக்கும்? முடிக்கொத்து நோய் வந்து ஒரு காலத்துல எங்க மலையில மரம் மரமா அழிஞ்சு போச்சு, அசுவினிப்பூச்சி பரப்புற வைரஸ், வந்த மரத்தத் தோண்டி அழிக்கிறதத் தவிர வழியில்ல. எல சின்னதாக் குறுகி உச்சியில கொத்தா நிக்குற மரம் ஒண்ணு கண்ணுல பட்டா அதையும் மறைக்காமக் காட்டுவேன், பஞ்சாமிர்தம் டப்பாவுல வராது, மரத்துல இருந்து வருது, மரத்துக்கும் நோய் வரும். தடியன்குடிசையில தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, முன்கூட்டியே லெட்டர் குடுத்துக் கேட்டுப் பாருங்க.

குன்னூர்ப்_பொண்ணு:

நான் இப்ப இங்கிலாந்துல இருக்கேன், சொந்த ஊரு குன்னூர், தாத்தா தேயிலை வச்சிருந்தாங்க. இங்க எப்படிப் பண்றாங்கன்னு கொஞ்சம் சொல்றேன், உபயோகப்படும்னா எடுத்துக்கங்க.

1976ல டீச்சரா இருந்த ஒரு தம்பதி, டவுன் பிள்ளைங்க டெவன்ங்கிற மாவட்டத்துல ஒரு வாரம் பண்ணையிலயே தங்கி வேலை செய்யுற மாதிரி ஒரு தர்ம ஸ்தாபனம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்கும் நடக்குது. சுத்திப் பாக்குறது இல்ல, காலையில எந்திரிச்சு கோழிக்குத் தீனி போடணும், தொழுவம் கூட்டணும், அவங்க பறிச்ச காயிலதான் ராத்திரி சாப்பாடு. பிள்ளை செய்யாட்டி அந்த வேலை அன்னைக்கு நடக்காது, அப்படி நெசமான வேலையத்தான் குடுக்குறாங்க, எனக்கு அதுல அதுதான் ரொம்பப் புடிச்சது. கேத்தி அண்ணன் சொன்னதும் அதேதான். அப்புறம் 2006ல இருந்து வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஊர் ஊரா விவசாயிங்க தோட்டத்தத் தொறந்து விடுறாங்க, யாரு வேணா போகலாம். ஜப்பான்ல 2005ல உணவுக் கல்விக்குன்னு தனிச் சட்டமே போட்டுருக்காங்க, அங்க ஸ்கூல்ல பிள்ளைங்களே சாப்பாடு பரிமாறுவாங்க.

ஒரு எச்சரிக்கை. ஆடு மாடு குதிரை தொட விடுறதா இருந்தா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கை கழுவ வைக்கணும், சானிடைசர் தடவுறது போதாது. இங்க 2009ல ஒரு பண்ணைக்கு வந்து கால்நடையத் தொட்ட நிறைய பிள்ளைங்களுக்கு ஈ.கோலை தொத்தி ஆஸ்பத்திரியில கெடந்தாங்க, சில பேருக்குக் கிட்னியே பாதிச்சுது. நம்ம ஊர்ல சாணி தொட்டு வளந்தவங்க நாமன்னு அசால்ட்டா விட்டுராதீங்க. கை கழுவாம பச்சைக் கேரட்டக் கடிக்க விடாதீங்க, அது ரொம்ப முக்கியம்.

பூம்பாறை_மேட்டுக்காடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அப்பாவ உக்கார வச்சு முழுசா வாசிச்சுக் காட்டுனேன். மருந்து விஷயத்துல தாண்டிக்குடி அண்ணன் சொன்னதக் கேட்டுட்டு சரின்னுட்டாரு. ஊர்ப் பிள்ளைங்களே விளக்கம் சொல்லட்டும்னு டீச்சர் சொன்னது எங்கம்மாவுக்கு ரொம்பப் புடிச்சிருச்சு, பக்கத்து வீட்டுப் பொண்ணு எட்டாவது படிக்குது, இப்பவே நான் சொல்றேன்னு நிக்குது. நடவுக்கு ஒரு செட், எடுப்புக்கு அதே செட்டுன்னு ஸ்கூல்ல பேசிட்டேன், குதிரை சவாரி இல்லன்னு சொன்னதுக்கும் ஒத்துக்கிட்டாங்க. காசு விஷயம் மட்டும் வாய் வரல. படிக்கிற பிள்ளைங்ககிட்ட எப்படிக் காசு வாங்குறதுன்னு இருக்கு.

கேத்தி_கேரட்:

வாங்குங்க தம்பி, கூச்சப்படாதீங்க. பிள்ளைங்ககிட்ட இல்ல, ஸ்கூல்கிட்ட. அன்னைக்கு உங்க வீட்டு ஆளு ரெண்டு பேரு வேலை போகுது, சாப்பாட்டுச் செலவு இருக்கு, மிதிபட்ட பாத்தி இருக்கு. அந்த ரெண்டு ஆள் கூலியும் சாப்பாட்டுக் காசும் கணக்குப் போட்டுச் சொல்லுங்க, அதையும் அதே சார்ட்ல எழுதிக் காட்டுங்க. விவசாயி நேரத்துக்கும் வெல இருக்குன்னு பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும். வசதி இல்லாத அரசுப் பள்ளிப் பிள்ளைங்க வந்தா அப்ப உங்க இஷ்டம், நாங்க வாங்குறதில்ல. போகும்போது ஆளுக்கு ஒரு கட்டுப் பூண்டு வெல போட்டு விக்கலாம், மண்டி வெலைக்கும் கடை வெலைக்கும் நடுவுல ஒரு வெல வைங்க, ரெண்டு பக்கமும் நல்லது.

டீச்சரம்மா_நத்தம்:

பஸ்ஸுக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லிருங்க, 2024 மே மாசத்துல இருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் கட்டாயம், ஸ்கூல் வண்டியும் வெளியூர் வண்டிதான். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் வேண்டாம், ஸ்டீல் பாட்டில் கொண்டு வரட்டும். கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுக்குற பிள்ளைங்க இருக்கும், காலையில வயிறு முட்டச் சாப்பிடாம கிளம்பச் சொல்லுங்க, உங்க வீட்டுல வந்து இறங்குனதும் சூடா சுக்குக் காப்பி ஏதாவது குடுங்க. ஜூன் ஜூலையில சாரல் இருக்கும், ஸ்வெட்டர் மாத்துத்துணி எடுத்துட்டு வரச் சொல்லி நீங்களே ஸ்கூலுக்கு ஒரு மெசேஜ் போட்டுருங்க, கீழ இருந்து வர்றவங்களுக்கு அந்தக் குளிரு தெரியாது. அப்புறம் பெண் பிள்ளைங்களுக்கு டாய்லெட் எங்கன்னு முன்னாடியே பாத்து வைங்க, தோட்டத்துல இல்லன்னா ஊருக்குள்ள ரெண்டு வீட்டுல சொல்லி வச்சிருங்க.